மின்னூல் கருவி வாங்கலாமா, அச்சு நூல்களோடு இருந்துவிடலாமா?

பொதிகை வாசகர் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். வங்கிப் பணியில் இருப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டிய நிலை எனக்கு. ஒவ்வொரு மாற்றலின்போதும் பீரோவும் கட்டிலும் சிக்கலில்லாமல் லாரி ஏறிவிடுகின்றன. புத்தகப் பெட்டிகளில்தான் வேலை நின்றுவிடுகிறது. "உள்ளே என்ன சார், கருங்கல்லா?" என்று சுமை ஏற்றுபவர்கள் கேட்காத ஊர் இல்லை. அடுத்த மாற்றல் நெருங்கிவிட்டதால், இனி வாங்கும் நூல்களையாவது மின்னூலாக வாங்கினால் என்ன என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது.

நான் வாசிப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்ப் புனைகதை. அதற்கு அடுத்தபடியாக உரையுடன் கூடிய சங்க நூல்களும், கொஞ்சம் ஆங்கில வரலாற்று நூல்களும் உண்டு. கைப்பேசியில் வாசிக்க முயன்று கைவிட்டுவிட்டேன். ஓர் அத்தியாயம் முடிவதற்குள் ஏதேனும் ஒரு குறுஞ்செய்தி வந்து மனத்தை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வெள்ளெழுத்து வந்துவிட்டதால் பழைய மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டும் நெடுநேரம் வாசிக்க முடிவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வசதியே என்னை அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் பக்கம் இழுக்கிறது.

தயக்கங்களும் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த, பேப்பர்ஒயிட் என்ற ஏழு அங்குலக் கிண்டிலின் விலை 16,999 ரூபாய் என்று அறிவித்தார்கள். நாவல் ஒன்றுக்கு நானூறு ரூபாய் என்று வைத்தாலும் நாற்பது நாவல்கள் வாங்கும் பணம் அது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு நான் தேடும் தமிழ் நூல்கள் அதில் கிடைக்குமா, கிடைத்தாலும் எழுத்து உடையாமல் தெரியுமா, காசு கொடுத்து வாங்கிய மின்னூல் பத்தாண்டு கழித்தும் என்னிடம் இருக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மரப்பாச்சி எழுதியது:

வணக்கம் ஐயா. பல ஆண்டுகளாக மின்னூல் கருவியில் வாசித்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். கருவி நல்லதா என்று கேட்பதைவிட, நீங்கள் வாசிக்கப்போகும் நூல்கள் எந்த வடிவில் கிடைக்கின்றன என்று முதலில் பார்ப்பதே முக்கியம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்ணைப் பொறுத்தவரை உங்கள் எதிர்பார்ப்பு சரியானதே. இக்கருவிகளின் திரை கைப்பேசித் திரையைப் போல உள்ளிருந்து ஒளியைக் கண்ணுக்குள் அடிப்பதில்லை. மின்மை எனப்படும் அந்தத் திரையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றும்போது ஒருவகைத் துகள் மேலே வர, மற்றது கீழே போகிறது. ஒருமுறை அமைந்த பக்கம் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும் என்பதால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வருகிறது. வெயிலில் அமர்ந்து படித்தால் தாளைப் போலவே எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். இரவுக்காக ஓரங்களிலிருந்து திரையின் மேற்பரப்பில் படரும் விளக்கு இருக்கிறது. பேப்பர்ஒயிட் போன்ற கருவிகளில் அதை மஞ்சள் சாயலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்கள் உறங்கும்போது வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அவ்வப்போது பக்கம் மாறும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுக்கும். அது பழுதன்று, முந்தைய பக்கத்தின் நிழல் தங்கிவிடாமல் துடைக்கும் வேலை அது.

இனித் தமிழ். அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் சிதைந்து தெரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அந்த அச்சத்திலேயே இருக்கிறார்கள். இப்போதைய கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை. தொல்லை இருப்பது மின்னூலைத் தயாரிப்பவர்களின் கவனக்குறைவில். பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அதனால் 'கௌரவம்' என்பது ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகக் 'கெளரவம்' என்று பதிந்திருக்கும்; கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நூலுக்குள் தேடினால் அகப்படாது. அச்சுப் பக்கத்தை வருடி (ஸ்கேன் செய்து), படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரிமூலம் எடுத்த நூல்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடக்கும். ஆகவே எந்தத் தமிழ் மின்னூலை வாங்குவதற்கு முன்பும் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். முதல் சில பக்கங்களிலேயே பதிப்பாளர் உழைத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

விலையில்லாமல் கிடைப்பவையும் நிறைய. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் கல்கி, புதுமைப்பித்தன் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்திருக்கிறார்கள். 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர் தங்கள் நூல்களை இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவிலும், கருவிகளுக்கென்றே ஆறு அங்குலப் பிடிஎஃப் வடிவிலும் வெளியிடுகிறார்கள். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. அரசு நாட்டுடைமையாக்கியவற்றுக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 முதல் இபப் கோப்புகளையும் கிண்டிலுக்கு அனுப்ப முடிகிறது.

ஆனால் உரையுடன் கூடிய சங்க நூல்கள் என்று சொன்னீர்களே, அங்கேதான் நான் தடுப்பேன். 1937-இல் வெளிவந்த உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு, அதன் பிரதிபேதம், பதவுரை, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என்று அடுக்கடுக்காக வரும். வாசிப்பவர் கண் உரைக்கும் பாட்டுக்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கும். ஒப்புமைப் பகுதியில் குறித்த வேறொரு பாட்டுக்குப் போக நூலின் நடுவே விரலை வைத்துக்கொண்டு புரட்டுவோம். அந்தப் புரட்டல் மின்னூல் கருவியில் கைவராது. இத்தகைய பதிப்புகள் இணையத்தில் பெரும்பாலும் பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப்களாகவே கிடைக்கின்றன. ஏழு அங்குலத் திரையில் அவற்றைத் திறந்தால் எழுத்து கடுகளவாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எழுத்தாக உள்ள கோப்புக்குத்தானே தவிரப் படமாக உள்ள பக்கத்துக்கு இல்லை. வாங்கியபின் மனம் நொந்தவர்களில் பெரும்பாலோர் இதை முன்கூட்டியே அறியாதவர்கள்தாம்.


பழம்பதிப்பு எழுதியது:

பொது நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மரப்பாச்சி அம்மையார் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. மூன்றிலும் கனமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

மின்னூலை வாங்குகிறோம் என்கிறோமே தவிர, உண்மையில் நமக்குக் கிடைப்பது வாசிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை விற்க உரிமையில்லாத ஒருவர் கிண்டில் கடையில் ஏற்றிவிட்டார் என்று தெரிந்ததும், அமேசான் நிறுவனம் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு வருத்தமும் தெரிவித்தார்கள். ஆயினும் அலமாரியில் இருக்கும் நூலைக் கடைக்காரர் வீடு புகுந்து எடுத்துப் போக முடியும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30-ஆம் நாள் மூடப்பட்டது. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது. நீங்கள் பத்தாண்டு என்று கேட்டீர்கள். மின்னூல் கடைகளின் வரலாற்றில் பத்தாண்டு மிக நீண்ட காலம் ஐயா.

இதனால் அச்சு நூல் அழியாதது என்று நான் வாதிட வரவில்லை. நூலகத்தில் இருந்தவனுக்குத் தெரியும், நூல்களுக்கு எத்தனை பகைவர்கள் என்று. ஐம்பது, அறுபதுகளில் செய்தித்தாள் காகிதத்தில் அச்சான மலிவுப் பதிப்புகள் இப்போது மஞ்சளாகி, மூலையை மடித்தால் அப்பளம்போல் ஒடிகின்றன. மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் சேர்ந்து செய்யும் வேலை அது. கரையான் ஒரே மழைக்காலத்தில் அடித்தட்டைத் தின்று தீர்த்துவிடும். ராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத் தேடி வந்து பக்கங்களையும் சுரண்டிவிட்டுப் போகும். அடிக்கடி ஊர் மாறுபவர் வாடகை வீட்டின் பரண்மேல் பெட்டியைக் கட்டியபடியே போட்டுவைத்தால், மின்னூலுக்கு வரும் ஆபத்தைவிட அந்த நூல்களுக்கு வரும் ஆபத்தே முந்திக்கொள்ளும். பூச்சிக்கு மருந்து உண்டு, எடுத்துத் தூசி தட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வாசித்தது மனத்தில் தங்குகிறதா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டு ஆய்வாளர் ஆன் மாங்கனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐம்பது பேரில் பாதிப்பேருக்குக் கிண்டிலிலும் பாதிப்பேருக்குத் தாளிலும் ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு சாராரும் சமமாகவே விடையளித்தார்கள். கதை நிகழ்வுகளை எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் தாளில் வாசித்தவர்கள் மேலாக இருந்தார்கள். அது எனக்கு வியப்பளிக்கவில்லை. இடக்கையில் எவ்வளவு கனம், வலக்கையில் எவ்வளவு மிச்சம் என்பதை உணர்ந்தபடியேதான் நாம் நாவலில் நகர்கிறோம். 'அந்தச் சண்டை முதல் கால்பங்கில், இடப்பக்கத்தின் அடியில் வந்தது' என்று நினைவிருக்கும். கருவியிலோ எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில் தோன்றி மறைகின்றன. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த இன்னொரு கட்டுரையும் தகவல் நூல்களைப் பொறுத்தவரை தாளுக்கே சார்பாக முடிவு கூறியது. கதைகளில் வேறுபாடு காணவில்லை. அதில் ஒப்பிடப்பட்டவை பெரும்பாலும் கணினித் திரைகள் என்பதால் அதைக் கிண்டிலுக்கு அப்படியே பொருத்திவிடவும் கூடாது.

என் கருத்து இது: ஒருமுறை வாசித்துவிட்டுக் கடந்துபோகும் நூலை மின்னூலாக வாசியுங்கள். திரும்பத் திரும்ப எடுக்கப்போவதை, ஓரத்தில் பென்சிலால் குறிக்கப்போவதை, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைப்பதை அச்சில் வாங்குங்கள். எந்த ஊருக்கு மாற்றலானாலும் அங்கே மாவட்ட மைய நூலகம் இருக்கும், போனவுடன் உறுப்பினராகிவிடுங்கள். சென்னைக்கு மாற்றல் கிடைத்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைக்குக் கிடைத்தால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. நூல்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டால்தான் வாசிப்பு என்ற எண்ணமே உங்கள் லாரியைப் பாரமாக்குகிறதோ என்று எனக்கு ஐயம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


வடமராட்சி எழுதியது:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். பழம்பதிப்பு ஐயா கூறும் நூலக வசதியும் பழைய புத்தகக் கடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்களுக்கு அவருடைய தீர்ப்புப் பொருந்தும். இங்கே நிலைமை வேறு. தமிழ்நாட்டில் அச்சாகும் ஒரு நாவல் எங்கள் கைக்கு வந்து சேரும்போது நாணயமாற்றும் அனுப்பும் செலவும் சேர்ந்து அதன் விலை எங்கோ போய்விடுகிறது. அதே நாவல் மின்னூலாக வந்தால் வெளியான அன்றே வாசிக்கிறோம். எனக்குக் கருவி கிடைத்தது கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவின் பயணப் பெட்டியில். இங்கே பலருக்கும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

நிலைத்திருத்தல் பற்றி ஐயா சொன்னதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு வேறு படி இல்லாத ஏடுகளும் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் வைத்து வருவதன் அருமை அந்த இழப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் ஒரே படி என்ற நிலைதான் ஆபத்து. அது தாளாக இருந்தாலும் ஒன்றுதான், நிறுவனம் ஒன்றின் கணினியாக இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத இபப் கோப்பாகக் கிடைக்கும் நூலை அவ்வடிவிலேயே வாங்கி, இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகம் திட்டத்தில் உள்ளவையும் பெரும்பாலும் படக்கோப்புகளே. அவற்றை நான் பத்து அங்குலத் திரையுள்ள கருவியில் வாசிக்கிறேன். ஏறத்தாழ மூலப் பக்க அளவிலேயே தெரிவதால் சிரமமில்லை. ஆனால் அந்த அளவுக்குரிய மின்மைக் கருவியின் விலை சிறிய கருவியைப்போல் இரண்டு மூன்று மடங்காகிவிடும். உ.வே.சா. பதிப்புகளுக்காக மட்டும் அவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் அவற்றை அச்சிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.


பொதிகை வாசகர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மரப்பாச்சி அம்மையார் சொன்னபடி, சென்ற ஆண்டு நான் வாசித்த நூல்களையும் இந்த ஆண்டு வாசிக்க நினைப்பவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கிண்டில் கடையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஆங்கில வரலாற்று நூல்கள் அனேகமாக எல்லாமே இருக்கின்றன. அவற்றின் அச்சுப் பிரதிதான் என் பெட்டிகளில் மிகக் கனமானதும்கூட. தமிழ் நாவல்களில் பெரிய பதிப்பகங்களுடையவை பாதிக்கு மேல் கிடைக்கின்றன. சிறுபதிப்பகங்கள் வெளியிட்டவற்றில் பலவும், மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவையும் இல்லை. ஒரு நாவலின் மாதிரிப் பக்கத்தில் நீங்கள் சொன்ன 'கெள' மூன்று இடங்களில் கண்ணில் பட்டது. அதை அச்சிலேயே வாங்க முடிவு செய்துவிட்டேன்.

நூலகத்தில் சேரச் சொன்ன அறிவுரையைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. வீட்டில் இதைப் படித்துக்காட்டியபோது உங்களுக்குப் பலத்த ஆதரவு கிடைத்தது. கருவியும் வாங்குவதென்றே இருக்கிறேன். இனி ஒரே ஐயம்தான். ஏழு அங்குலம் வேண்டுமா, விலை குறைந்த ஆறு அங்குலமே போதுமா?


மரப்பாச்சி எழுதியது:

உங்கள் கண்ணை முன்னிட்டு ஏழு அங்குலமே நல்லது ஐயா. ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஆறு அங்குலத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே நிற்கும். இருபக்கமும் சமமாக இழுத்துக் கட்டும் அமைப்பில் சொற்களுக்கிடையே பெரிய பெரிய இடைவெளிகளும் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கும் வழி இருக்கிறது. எழுத்தமைப்புப் பகுதியில் போய் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு அதுவே கண்ணுக்கு இதம்.

எடையும் பெரிதாக உயராது. சாதாரண ஆறு அங்குலக் கிண்டில் 158 கிராம், புதிய பேப்பர்ஒயிட் 211 கிராம். படுத்துக்கொண்டு வாசிக்கும்போது நெஞ்சின் மேல் ஐந்நூறு பக்க நாவலைத் தாங்கியவர்களுக்கு இரண்டுமே எடையாகத் தோன்றாது.

வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். பண்டிகைக்காலத் தள்ளுபடியில் விலை இறங்குவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, பழுது வந்தால் இங்கே உத்தரவாதம் செல்லாது என்று தெரிந்து தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரைக்குள் மெல்லிய கண்ணாடித் தகடு இருப்பதால், மேலே கீறல்கூட விழாமல் உள்ளே உடைந்துபோகும். தெருமுனைக் கைப்பேசிக் கடைகளில் அதை மாற்றித் தர மாட்டார்கள், சில வேளைகளில் புதுத்திரையின் விலைக்குப் புதுக்கருவியே வாங்கிவிடலாம். எனவே கருவியோடு சேர்த்தே கெட்டியான மூடியுள்ள உறையையும் வாங்கிவிடுங்கள். வீடு மாற்றும்போது அதைப் புத்தகப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.